நான் ஒண்ணுமே அழுத்தல

"நான் ஒண்ணுமே அழுத்தல மேடம். அதுவாவே வந்துச்சு."

வியாழக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்குள் இந்த வாக்கியத்தை அவள் ஒன்பதாவது முறையாகக் கேட்டுவிட்டாள். பதினோரு வருடங்களாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். எழுநூறு பேர் வேலை பார்க்கும் நிறுவனம் அது. அதன் கீழ்த்தளத்தில், லிஃப்ட் மோட்டாரின் இரைச்சலுக்கும் கழிப்பறைக் கதவின் கிறீச்சுக்கும் நடுவே, ஜன்னல் இல்லாத ஓர் அறை. மேலே இருக்கும் எழுநூறு பேரும் தங்கள் கம்ப்யூட்டரைக் கெடுத்துக்கொண்டு போன் பண்ணும்போது எடுத்துப் பேசுவது அவள் வேலை. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் அங்கே எல்லோருக்கும் அவள் 'வைரஸ் மேடம்'தான். ஆரம்பத்தில் அதைக் கேட்டால் கோபம் வரும். இப்போது கோபப்படவும் தெம்பில்லை.

"சரி சார். கடைசியா என்ன திறந்தீங்க?"

"எதையும் திறக்கல. கூரியர் வந்திருக்கு, விவரம் உள்ள இருக்குன்னு ஒரு மெயில் வந்துச்சு. அதை மட்டும்தான் திறந்தேன்."

"நீங்க ஏதாவது கூரியர் எதிர்பார்த்தீங்களா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் சார் திறந்தீங்க?"

"என்னன்னு பாக்கலாமேன்னுதான்" என்றார் அந்த மனிதர், சின்னப் பிள்ளை மாதிரி.

நெட்வொர்க் வயரை உருவச் சொன்னாள். வேறு எதையும் தொடாமல் தள்ளி உட்காரச் சொன்னாள். ஆளை அனுப்பிவிட்டு அடுத்த போனை எடுத்தாள்.

ஏதோ காற்றில் பரவும் சளிக் காய்ச்சல் போல வைரஸ் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது என்றுதான் ஜனங்கள் நினைக்கிறார்கள். அது யாரோ ஒருவர் வேலை மெனக்கெட்டு உட்கார்ந்து எழுதிய நிரல். புதிதாகச் சேர்பவர்களுக்கு அவள் எடுக்கும் வகுப்பில் இதைத்தான் சொல்வாள். "அது கதவை உடைச்சுக்கிட்டு வராது. மணி அடிக்கும். தெரிஞ்சவங்க பேரைச் சொல்லும். நாமதான் எழுந்து போய்த் திறந்து, உக்காருங்கன்னு நாற்காலி எடுத்துப் போடுறோம்." எல்லோரும் சிரிப்பார்கள். மறுநாளே அவர்களில் ஒருவர் நாற்காலி போட்டிருப்பார்.

ஆறே காலுக்கு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். இரண்டு பேருந்து மாறி, இரண்டிலும் நின்றுகொண்டே வந்த களைப்பு. செருப்பைக் கழற்றும்போதே கூடத்தில் எல்லோரும் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. கணவன் பேருந்து ஓட்டுநர். அன்று அவனுக்கு விடுமுறை. மாடி வீட்டு டீச்சர், முன்பு மறந்து விட்டுப்போன தன் பென்டிரைவை வாங்கிக்கொண்டு போக வந்து, கிளம்ப மனசில்லாமல் நின்றுகொண்டிருந்தார். ஜன்னலோரம் கம்ப்யூட்டர் மேஜைக்கு முன்னால், இரண்டு கைகளையும் முன்பக்கம் கோத்துக்கொண்டு அவளுடைய மாமனார் நின்றார்.

"அம்மா, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாரேன்" என்றார்.

மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்தொரு வருடங்கள் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் எழுதும் பழக்கம் போகவில்லை. சட்டைப்பையில் நோட்டும் பேனாவும் இல்லாமல் மாடிப்படிகூட ஏறமாட்டார். மனைவி போய் ஐந்து வருடம் ஆகிறது. பக்கத்தில் உட்கார்ந்து பேச இருந்த சிநேகிதர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தது ஒரே ஒருவர்தான், அவரையும் இவர் நேரில் பார்த்ததில்லை. கம்ப்யூட்டரில் சதுரங்கம் பற்றி ஏதோ தேடப் போய்க் கிடைத்த ஆள். வேறொரு ஊரில் இருந்தார். கப்பலின் இயந்திர அறையில் நாற்பது வருடம் வேலை பார்த்ததில் காது சுத்தமாகக் கேட்காது. போனில் பேச வழியில்லை. அதனால் எல்லாமே மெயில்தான். இவர் ஒரு காயை நகர்த்தி, மரப்பலகையைப் படம் பிடித்து மெயிலில் இணைத்து அனுப்புவார். இரண்டு நாள் கழித்து அவர் பலகையின் படம் வரும். இப்படியே இரண்டு வருடங்கள். வீட்டில் அவருக்குக் 'கப்பல்காரர்' என்று பெயர். ஆளுக்கு ஓர் ஆட்டம் ஜெயித்திருந்தார்கள். இப்போது மூன்றாவது நடந்துகொண்டிருந்தது. "இதுதான் ம்மா தீர்ப்பு" என்று மாமா சொல்வார். காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் மெயிலைப் பார்ப்பார்.

இரண்டு வாரத்துக்கும் மேலாகக் கப்பல்காரரிடமிருந்து பதிலே இல்லை. இன்றைக்குத்தான் வந்திருந்தது. ஆனால் எழுதியது அவரில்லை, அவருடைய மகன்.

"ஐயா, நீங்கள் அனுப்பிய மெயிலில் வைரஸ் இருந்தது. உங்கள் பெயரைப் பார்த்ததும் அப்பா யோசிக்காமல் இணைப்பைத் திறந்துவிட்டார். கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. கடையில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் சரிசெய்ய முடிந்தது. கப்பலில் இருந்த காலத்தில் அவர் எடுத்த படங்கள் முழுவதும் போய்விட்டன. வேறு பிரதி இல்லை. தயவுசெய்து இனி அப்பாவுக்கு மெயில் அனுப்ப வேண்டாம்." கீழே ஒரு போன் எண்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கைப்பை இன்னும் தோளில்தான் இருந்தது. அனுப்பிய மெயில்களைத் திறந்தாள். செவ்வாய்க்கிழமை, பதினாறு நாளுக்கு முன்னால், மாமாவின் பெயரில் ஏழு பேருக்கு ஒரே மெயில் போயிருந்தது. மாமாவுக்குத் தெரிந்தவர்கள் மொத்தமே ஏழு பேர்தான். அவளுடைய மெயில் பெட்டிக்கும் வந்து, குப்பையில் விழுந்து கிடந்தது. ஆன்ட்டிவைரஸை முடுக்கி முழுக் கம்ப்யூட்டரையும் தேடவிட்டாள். அரை மணி நேரம் தேடிவிட்டு, எல்லாம் நலம் என்று பச்சை நிறத்தில் சொன்னது.

"கம்ப்யூட்டர்ல ஒண்ணுமில்ல" என்றாள். "அப்ப இது மெயில் வழியாத்தான். மாமா, எங்கயோ எதையோ திறந்து, பாஸ்வேர்டையும் கொடுத்திருக்கீங்க."

"இல்லம்மா, நான் அவர் அனுப்புற படத்தைத் தவிர வேற எதையும்..."

"படமோ பாட்டோ, இணைப்புன்னா இணைப்புதான். கண்டதையும் திறக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? வாய் வலிக்கச் சொல்லியாச்சு."

"அன்னைக்கு திரையில ஒரு சிவப்புப் பெட்டி..."

"மாமா." அவள் கையை உயர்த்தினாள். குரல் தடித்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. நிறுத்தத்தான் தெம்பில்லை. "காலையிலிருந்து இதையேதான் கேட்டுட்டு வரேன். ஒண்ணுமே அழுத்தல, அதுவாவே வந்துச்சு. நூறு பேரு, நூறு பேரும் இதேதான். வீட்டுக்கு வந்தும் இதைக் கேக்கணுமா? உங்களால பாவம் ஒரு மனுஷனோட படமெல்லாம் போச்சு."

மாடி வீட்டு டீச்சர் பென்டிரைவை உள்ளங்கையில் மூடிக்கொண்டு தரையைப் பார்த்தார். கணவன் "சரி விடு, விடு" என்று எதையும் விடுவிக்காத குரலில் சொன்னான். மாமாவின் முகம் அப்படியே வாடிவிட்டது. அவள் அங்கேயே உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினாள். புதியது என்னவென்று அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் வீட்டில் ஒருவிதமான மரியாதை தலைகாட்டியது. சண்டை போட்டிருந்தாலாவது தேவலை. மாமா எதற்கும் அனுமதி கேட்க ஆரம்பித்தார். "ரேடியோ போட்டுக்கலாமா ம்மா?" "இந்த சுவிட்சைத் தட்டலாமா?" தண்ணீர் சுத்திகரிக்கும் எந்திரத்தில் குழாயைத் திருகுவதற்கு முன்னால்கூட ஒரு தடவை அவளைப் பார்த்துக்கொண்டார். குத்திக் காட்டுகிறார் என்று முதலில் நினைத்தாள். அவருக்குக் குத்திக் காட்டத் தெரியாது என்பதும் அவளுக்குத் தெரியும். நிஜமாகவே பயந்துபோயிருந்தார். ஜன்னலோரம் எப்போதும் விரித்திருக்கும் சதுரங்கப் பலகை மூடப்பட்டு, அலமாரியின் உச்சியில் ஏறிவிட்டது. அதை இறக்கி வைத்துவிடலாமா என்று ஒரு தடவை ஸ்டூலைப் பார்த்தாள். ஆனாலும் செய்த தப்பை உணரட்டுமே என்றும் ஒரு பக்கம் இருந்தது. களைப்பு மனிதர்களை இப்படியும் ஆக்கிவிடும்.

சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. கம்ப்யூட்டரை முழுக்கத் துடைத்துப் புதிதாகப் போட்டுவிடுவது என்று தீர்மானித்துக் காலையிலேயே உட்கார்ந்தாள். ஊருக்கெல்லாம் சொல்லும் உபதேசம் ஒன்றையும் வீட்டில் அவள் செய்திருக்கவில்லை. கம்ப்யூட்டருக்குள் நுழைய மூன்று பேருக்கும் ஒரே கணக்கு, அதுவும் எதை வேண்டுமானாலும் மாற்ற அதிகாரமுள்ள கணக்கு. கல்யாணப் படங்கள், மாமியாரின் மருத்துவச் சீட்டுகள், எதற்கும் வெளியே ஒரு பிரதி கிடையாது. ஆளுக்கொரு கணக்கு போட வேண்டும், வெளியே செருகும் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து அதைக் கழற்றிப் பீரோவில் வைக்க வேண்டும் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க அடுத்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வந்தால் நம்முடையதைத் தொடவே கை வராது.

முதலில் இணைய வயரை உருவினாள். துடைப்பதற்கு முன் படங்களையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும். எடுப்பதற்கு முன் அவை சுத்தமா என்று பார்க்க வேண்டும். அதற்கு அலுவலகத்திலிருந்து ஒரு பென்டிரைவ் கொண்டுவந்திருந்தாள். கம்ப்யூட்டரின் சொந்தப் புத்தியை எழுப்பாமல், அந்தப் பென்டிரைவிலிருந்தே கிளம்பி, வெளியே நின்றபடி உள்ளே எல்லா மூலைமுடுக்கையும் தேடும் மென்பொருள் அதில் இருந்தது. வீட்டுக்குள் இருப்பவர்களைக் கேட்காமல் வெளியாள் வந்து சோதனை போடுவது மாதிரி. தேடல் மெதுவாக ஊர்ந்தது. அவள் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

பதினொன்றரைக்கு அது ஒரு சத்தம் போட்டது.

ஒன்று அகப்பட்டிருந்தது. 'கருவிகள்' என்ற ஃபோல்டருக்குள்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கருவிகள் என்பது மாமாவின் ஃபோல்டர் இல்லை. அவளுடையது.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய ஒரு கெட்ட பழக்கம் உண்டு. செத்துப்போன பென்டிரைவிலிருந்து கோப்புகளைத் தோண்டி எடுப்பது, மறந்துபோன பாஸ்வேர்டைக் கண்டுபிடிப்பது போன்ற வேலைகளுக்கு அவர்கள் வைத்திருக்கும் கருவிகளைக் கண்டாலே ஆன்ட்டிவைரஸ் கத்தும். திருடன் கையில் இருக்க வேண்டிய கம்பி பூட்டுக்காரர் கையிலும் இருக்கிறது, அதற்கு வித்தியாசம் தெரியாது. ஒவ்வொரு முறையும் கத்துவதைக் கேட்டு அலுத்துப்போய், அந்த ஃபோல்டர் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்காதே என்று ஆன்ட்டிவைரஸுக்கு உத்தரவு போட்டுவிடுவார்கள். அவளும் போட்டிருந்தாள். அதனால்தான் வியாழக்கிழமை அது அந்த ஒரு கதவை மட்டும் திறக்காமலேயே வீடு முழுக்க நலம் என்று சொல்லியிருந்தது.

கோப்பு உள்ளே வந்த தேதியைப் பார்த்தாள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாடி வீட்டு டீச்சர் கேள்வித்தாள்கள் அடங்கிய பென்டிரைவ் திறக்கவில்லை என்று அழாத குறையாக வந்து நின்ற ஞாயிற்றுக்கிழமை. அவளிடம் இருந்த கருவி பழசு. அதைச் செய்தவர்களின் இணையதளத்துக்குப் போனால் பதிவு செய், பெயர் சொல், காத்திரு என்றது. அவளுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. வேறொரு தளத்தில் அதே பெயரில் கிடைத்தது. எடுத்துக் கருவிகளில் போட்டாள். பென்டிரைவ் திறந்தது, டீச்சர் கும்பிட்டார். அலுவலகத்தில் எவனாவது இப்படிச் செய்திருந்தால் அவள் வாயிலிருந்து தப்பியிருக்க மாட்டான்.

பழைய பதிவேட்டையும் புரட்டினாள். வெளியே போகிற வருகிற நிரல்களைக் கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும் பட்டியல் அது. இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை மாலை ஆறு நாற்பதுக்கு, அறிமுகமில்லாத நிரல் ஒன்று இணையத்துக்குப் போக முயன்றிருக்கிறது. அனுமதியா, தடையா என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது. 'அனுமதி' அழுத்தப்பட்டிருக்கிறது.

ஆறு நாற்பது மாமா மெயில் அனுப்பும் நேரம். அவளுக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது என்பதை மறைத்துப் பிரயோஜனமில்லை. அவர்தானே அழுத்தியிருக்கிறார், யார் கொண்டுவந்தால் என்ன என்று மனசு ஓடிப்போய் ஒதுங்க இடம் தேடியது. அந்த நிம்மதி இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை, ஆறு நாற்பது. அன்றைக்கு அவள் சோபாவில், கண்மேல் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். யாரோ எதையோ கேட்டார்கள். இவள் எதையோ சொன்னாள். அதற்கு மேல் ஞாபகம் வரவில்லை. வரவில்லையா, வரவிடவில்லையா என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை.

கணவன் வந்து எட்டிப் பார்த்தான். "கண்டுபிடிச்சிட்டியா?"

"பாத்துக்கிட்டிருக்கேன்."

"அப்பா அந்த செஸ் போர்டை டீச்சர்கிட்ட கொடுத்துடச் சொல்றாரு. ஸ்கூல் பிள்ளைங்களுக்கு உதவுமாம். மத்தியானம் மேல போறப்ப எடுத்துட்டுப் போறேன்."

அவன் போய்விட்டான். திரையில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரைத் துடைத்துப் புதிதாகப் போடு என்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஃபோல்டரும் போய்விடும், பதிவேடும் போய்விடும். இந்த வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். யாரும் எந்தக் காலத்திலும் கண்டுபிடிக்க மாட்டார்கள். எப்படியும் துடைக்கத்தான் போகிறோம், அது பொய்கூட இல்லை. கொஞ்ச நாளில் மாமா மறந்துவிடுவார். வயதானவர்களுக்கு மறதி வரத்தான் செய்யும். இப்படியெல்லாம் சப்பைக்கட்டு கட்டிக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தன்மேலேயே அசிங்கமாக இருந்தது. அதைவிட, எழுந்து போய் ஒருவரிடம் பேச வேண்டுமே என்ற அலுப்பு பெரிதாக இருந்தது.

அலமாரி இருக்கும் பக்கம் ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. அவள் எழுந்தாள்.

மாமா ஸ்டூலின்மேல் நின்று பலகையைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். தூசி தட்டிக் கொடுத்துவிட வேண்டுமென்று ஒரு பழந்துணியும் தோளில் இருந்தது.

"மாமா, கீழ இறங்குங்க. ஒண்ணு சொல்லணும்."

"இதோ ம்மா. துடைச்சு வச்சிடுறேன், இடத்தை அடைக்குது."

"வைரஸ் உங்களால வரல மாமா. என்னாலதான் வந்துச்சு."

அவர் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னாள். பொறுமையில்லாமல் கண்ட தளத்திலிருந்து இறக்கியதைச் சொன்னாள். கருவிகள் ஃபோல்டரைப் பற்றி அவருக்குப் புரியும்படி சொன்னாள். செவ்வாய்க்கிழமை வந்தபோது குரல் இறங்கிவிட்டது. "அன்னைக்கு யாரோ அனுமதி அழுத்தியிருக்காங்க. நீங்க என்னைக் கேட்டீங்களா மாமா? எனக்கு நினைவில்ல."

மாமா ஸ்டூலிலிருந்து இறங்கினார். முதலில் வலது கால், பிறகு இடது. பலகையைக் கட்டிலில் வைத்துவிட்டுத் தலையணைக்கு அடியிலிருந்து சதுரங்க நோட்டை எடுத்தார். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு வரி, தேதியோடும் நேரத்தோடும். மீட்டர் எண்களை எழுதிப் பழகிய சின்னச் சின்னக் கையெழுத்து. ஒரு பக்கத்தை விரித்து அவளிடம் கொடுத்தார்.

'23. செவ்வாய், மாலை 6.40. குதிரையை நடுவுக்குக் கொண்டுவந்தேன். அனுப்பும்போது சிவப்புப் பெட்டி வந்தது. மருமகளைக் கேட்டேன். "அது என்னோடதுதான் மாமா, அனுமதின்னு இருக்கும் பாருங்க, அழுத்திடுங்க" என்றாள். அழுத்தினேன். தலைவலியோடு படுத்திருந்தாள், பாவம்.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். இரண்டாவது முறை 'பாவம்' என்ற சொல்லைத் தாண்ட முடியவில்லை.

"உங்களுக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள்.

"சிவப்புப் பெட்டிதான் காரணமான்னு தெரியாது ம்மா. அதுவா இருக்குமோன்னு நினைச்சேன். சொல்ல வந்தேன்."

"நான் சொல்ல விடல."

"ம்."

"அப்புறமாவது இந்த நோட்டைக் கொண்டுவந்து என் மூஞ்சில காட்டியிருக்கலாமே மாமா. ரெண்டு நாளா குழாயைத் திறக்கக்கூட என்னைக் கேட்டீங்க."

மாமா கட்டிலில் உட்கார்ந்தார். துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "எனக்கு மனசு ரொம்ப வலிச்சுச்சு ம்மா. வலிக்கலன்னு சொல்ல மாட்டேன். டீச்சரம்மா முன்னாடி வச்சு நீ பேசினது வலிச்சுச்சு. நோட்டைக் கையில எடுத்துட்டுக்கூட வந்தேன், நேத்து காலையில. நீ செருப்பு மாட்டிக்கிட்டு ஓடிக்கிட்டிருந்த." பிறகு, கோபமில்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டார். "காட்டியிருந்தா நம்பியிருப்பியா?"

நம்பியிருப்பேன் என்று சொல்லிவிடலாம். அது ஒன்றும் பெரிய பொய்யில்லை. அவள் அந்த வியாழக்கிழமையை நினைத்துப் பார்த்தாள். இது எந்தச் செவ்வாய்க்கிழமை மாமா, நீங்களே இப்ப எழுதினதா, என்று கேட்டிருப்பாள். கேட்டிருப்பாள் என்பதில் சந்தேகமே இல்லை.

"இல்ல மாமா" என்றாள்.

"அதான்" என்றார் அவர்.

அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். அவர் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். மெயிலின் கீழே இருந்த எண்ணைப் போட்டாள். அவரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் வைத்துக் கட்டிலில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"யார் பேசுறது?"

தன்னை இன்னார் மருமகள் என்று சொன்னாள். மறுமுனை உடனே விறைத்துக்கொண்டது. "அதான் எழுதியிருந்தேனே. மெயில் அனுப்ப வேணாம்னு."

"தெரியும் சார். மன்னிப்பு கேக்கத்தான் கூப்பிட்டேன். அந்த மெயிலை எங்க மாமா அனுப்பல. வைரஸ் அவர் பேர்ல அனுப்பிருக்கு."

"எல்லாரும் இதைத்தாங்க சொல்றாங்க. தானா வந்துச்சாம், தானா போச்சாம். யாரோ எதையோ அழுத்தாம எப்படி வரும்?"

அவள் தினமும் கேட்கும் கேள்வி அது. அதே அலுப்பு, அதே தொனி. இத்தனை நாள் இந்தப் பக்கத்திலிருந்து அதைக் கேட்டதில்லை.

"நான்தான் சார் அழுத்தினேன்" என்றாள். "கொண்டுவந்து வச்சதும் நான்தான். மாமா என்னைக் கேட்டாரு, நான் எழுந்து வந்து பாக்காம அழுத்துங்கன்னு சொன்னேன். எனக்கு வேலையே இதுதான் சார். அடுத்தவங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறதுதான் என் வேலை. அப்படியும் பண்ணேன்."

போன் வைக்கப்பட்டுவிட்டதோ என்று அவள் திரையைப் பார்த்தாள். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"படம் போனது போனதுதான்" என்றார் அந்த மனிதர் கடைசியில்.

"ஆமா சார். அதுக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அந்தப் பழைய டிஸ்க் இருந்தா அனுப்புங்க, முயற்சி பண்றேன். கிடைக்கும்னு சொல்ல மாட்டேன்."

"ம்." பிறகு குரல் கொஞ்சம் இறங்கி வந்தது. இறங்கினாலும் எரிச்சல் போகவில்லை. "எங்கப்பா ரெண்டு வாரமா அந்த போர்டை மேஜையிலேர்ந்து எடுக்க விடல. ஒரு காய் நகரக் கூடாதாம். தட்டு வைக்க இடமில்லாம நாங்க நின்னுக்கிட்டே சாப்பிடுறோம். நான் மெயில் அனுப்ப வேணாம்னு எழுதினதை அவர்கிட்ட இன்னும் சொல்லல. அவரு காய் வரலையேன்னு உக்காந்திருக்காரு."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். தோளில் இல்லாத துணியை எடுக்கப்போவது போலக் கை ஒரு தடவை தோளுக்குப் போய் வந்தது.

"எழுத்தா எழுதி அனுப்பச் சொல்லுங்க" என்றார் மகன். "படம் கிடம் எதுவும் இணைக்க வேணாம். எந்தக் காய், எந்தக் கட்டம்னு எழுதினாப் போதும். இணைப்பு வந்தா நான் அழிச்சிடுவேன்."

"சரி சார்."

போனை வைத்தபோது அவளுக்கு எலும்பெல்லாம் வலித்தது. கம்ப்யூட்டரை இன்னும் துடைக்க வேண்டும். ஆளுக்கொரு கணக்கு போட வேண்டும். மாமாவுக்குப் பாஸ்வேர்டை அவரே வைத்துக்கொள்ளும்படி விட வேண்டும். கருவிகளை மறுபடியும் உரியவர்களிடமிருந்து, பதிவு செய்து, காத்திருந்து இறக்க வேண்டும். மாடி ஏறிப் போய் டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான வேலையாகத் தோன்றியது. எதற்கும் உடனே எழ முடியவில்லை.

மாமா பலகையை விரித்து, நோட்டைப் பார்த்துப் பார்த்துக் காய்களை அடுக்க ஆரம்பித்தார். கடைசியாகக் குதிரையை நடுவில் கொண்டுவந்து வைத்தார்.

"மணி என்ன ம்மா?"

"ஒண்ணு இருபது மாமா."

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். இருபத்துமூன்றாம் வரிக்குக் கீழே, மீட்டர் எண்ணை எழுதும் அதே நிதானத்தோடு எழுதினார். அவள் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தாள்.

'சனி, மதியம் 1.20. மருமகள் போன் செய்தாள். "நான்தான் அழுத்தினேன்" என்று சொன்னாள். அழுத்தியது நான்.'